ஏரி உறைஞ்சதும் தூண்டிலோட கிளம்பலாமா? முதல் ஐஸ் பற்றித் தெரிஞ்சிக்க வேண்டியது

டொரொண்டோவில் படிக்கும் என் சொந்தக்காரப் பையன் ஒருவன், ஜார்ஜ்டவுன்காரன், போன டிசம்பரில் ஒரு வீடியோ அனுப்பினான். வெள்ளை வெளேர்னு ஒரு குட்டி ஏரி. கரையில் நாலு பேர், கையில் குட்டைத் தூண்டில், ஒரு கடப்பாரை. "அண்ணே, ஏரி மேல நடக்கப் போறோம்!" என்று ஒரே கூச்சல்.

ஐஸ் என்றால் நமக்கு கெங் குவீ தெரு செண்டோலும், மீன் மார்க்கெட் பெட்டியும்தான். ஆனால் மேல்படிப்புக்குக் கனடா போகிற நம்ம பிள்ளைகளுக்கு முதல் குளிர்காலத்திலேயே இந்த அழைப்பு வந்துவிடும். டொரொண்டோவிலிருந்து ஒரு மணி நேரம் வடக்கே போனால் சிம்கோ ஏரி. ஐஸ் மீன்பிடிப்புக்குப் பேர்போன இடம் அது. பெரிய ஏரி என்பதால் உறைய நாளாகும். சின்ன, ஆழமில்லாத ஏரிகள் முன்னாடியே உறைந்துவிடும். அதனால்தான் சீசன் தொடங்கியதும் கூட்டம் அங்கே போகிறது.

ஏரி முழுசா உறையாதா?

உறையாது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வரும், 0 டிகிரியில் மேற்பரப்பு ஐஸாகும். அடியில் ஏறக்குறைய 4 டிகிரி தண்ணீர் அப்படியே இருக்கும், மீன்களும் அங்கே உயிரோடு இருக்கும்.

பந்தாய் கெராச்சுட்டில் உள்ள நம்ம மெரோமிக்டிக் ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கேயும் மேலே குளிர்ந்த நன்னீர், அடியில் வெதுவெதுப்பான கடல்நீர், இரண்டும் கலப்பதில்லை. அங்கே காரணம் உப்பு. கனடாவில் தண்ணீரின் இந்த விசித்திர குணம்.

குளிரில் மீனின் உடல் மெதுவாகத்தான் இயங்கும், இரையைத் துரத்தாது. அதனால் ஐஸில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை போட்டு, சின்னத் தூண்டிலை நேராக இறக்கி, லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். யெல்லோ பெர்ச் என்ற மீன் பகலிலேயே கடிக்கும், புதுசா வருபவர்களுக்கு அதுதான் சுலபம். ஒண்டாரியோவில் பெரியவர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம்.

எவ்வளவு தடிமன் போதும்?

கவனமா படிங்க. அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை, நடந்து போக குறைந்தது 10 சென்டிமீட்டர் தெளிவான புது ஐஸ் வேண்டும் என்கிறது. கனடிய செஞ்சிலுவைச் சங்கம் 15 சென்டிமீட்டர் என்கிறது. ஐஸையே பார்த்து வளராத நாம் 15-ஐ வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

நிறமும் முக்கியம். கண்ணாடி மாதிரி தெளிவாகவோ நீலமாகவோ இருப்பது பலமானது. பனி கலந்த வெள்ளை ஐஸுக்குப் பாதி பலம்தான், அதனால் இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். சாம்பல் நிறமா? கால் வைக்காதீங்க.

சீசன் ஆரம்பத்தில் சிக்கலே, ஒரே ஏரியில் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதுதான். ஓடை வந்து சேரும் இடம், ஊற்று, படகுத்துறைக் கால்கள் ஆகியவற்றைச் சுற்றி ஐஸ் மெலிசாக இருக்கும். மேலே விழுந்த பனி போர்வை மாதிரி குளிரைத் தடுப்பதால் அடியில் ஐஸ் சீக்கிரம் தடிக்காது. நேற்று ஒருத்தர் நடந்தார் என்பது இன்றைக்கு உத்தரவாதம் இல்லை. கடப்பாரையால் குத்திக்கொண்டே போக வேண்டும், அடிக்கடி துளைபோட்டு அளக்க வேண்டும். தனியாகப் போகவே கூடாது.

உள்ளே விழுந்துட்டா?

மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும், பதறாமல் அதை அடக்குங்கள். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். குளிரால் நினைவிழக்க சுமார் 1 மணி நேரம் ஆகும். விழுந்த உடனே செத்துவிடுவோம் என்ற பயம்தான் பலரைத் தவறாகக் கைகால் அடிக்க வைக்கிறது.

வந்த திசைக்கே திரும்புங்கள், அந்தப் பக்க ஐஸ்தான் உங்களைத் தாங்கியது. கையை ஐஸ் மேல் நீட்டி, நீச்சல் மாதிரி காலை உதைத்து வயிற்றால் ஏறுங்கள். கழுத்தில் தொங்கும் ஐஸ் ஊசிகள் இருந்தால் குத்திப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். விலை அதிகமில்லை, வாங்கிடுங்க. மேலே வந்ததும் எழுந்து நிற்காதீங்க. படுத்தபடியே உருண்டு கரைப் பக்கம் போங்கள். நண்பன் விழுந்தால் கிட்டே ஓடாதீங்க; கயிறோ கம்போ வீசி, அவசர எண் 911-ஐக் கூப்பிடுங்கள். மிதவை ஜாக்கெட்டைக் குளிர் உடைக்கு மேலே போட்டுக்கொள்வது நல்லது.

நம்ம பையன் கதைக்கு வருவோம். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போய்த் துளைத்துப் பார்த்தார்களாம். 8 சென்டிமீட்டர். திரும்பிவிட்டார்கள். அன்று மீன் ஏதும் இல்லை, வீட்டில் மேகி மீ கொதிக்க வைத்துச் சாப்பிட்டதாக அடுத்த வீடியோவில் சொன்னான்.