உடம்பில்லாத விமானமும் உள்ளே ஒன்றுமில்லாத விமானமும்

விமான சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களிடம் ‘டிஃபால்ட் விமானம்’ என்று சொல்லிப் பாருங்கள், உதடு லேசாகச் சுழியும். மென்பொருளோடு சேர்ந்தே வருவது அது. திருவிழாக்கடை பொம்மை மாதிரி வெளியே பளபளப்பு, உள்ளே காலி என்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். ஆனால் கதை தொடங்கியபோது நிலைமை நேர் தலைகீழ்.

ப்ரூஸ் ஆர்ட்விக் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1975-ல் கொடுத்த ஆய்வேடு, பறக்கும் காட்சியைக் கணினியே வரைந்து காட்டுவது பற்றியது. பிறகு அவருடைய சப்லாஜிக் நிறுவனம் ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு சிமுலேட்டரை வெளியிட்டது. திரையின் மேலே ஜன்னல், கீழே நாலைந்து கருவிகள், ஜன்னலுக்கு வெளியே கோடு கோடாகத் தரையும் மலையும். முதல் உலகப்போர்க் காலத்து சாப்வித் கேமல் விமானம் என்று பெயர். ஆனால் விமானத்தை வெளியிலிருந்து பார்க்க வழியே கிடையாது. உடம்பு இல்லாத விமானம்!

1982-ல் மைக்ரோசாஃப்ட் அதை ஐபிஎம் பிசிக்குக் கொண்டுவந்தபோது செஸ்னா 182 வந்தது, சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்ட் ஓடுதளம் வந்தது. அப்போது ஐபிஎம்மைப் பார்த்துச் செய்த மலிவுக் கணினிகள் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. அவை நிஜமாகவே ஒத்துப்போகிறதா என்று சோதிக்க, லோட்டஸ் 1-2-3-ஐயும் இந்தச் செஸ்னாவையும்தான் ஓட்டிப் பார்த்தார்களாம். ஓடினால் நல்ல கணினி. டிஃபால்ட் விமானத்துக்கு அப்படியொரு மரியாதை இருந்த காலம்.

1993-ல் ஐந்தாம் பதிப்பு 256 வண்ணங்களோடு வந்தது. தரைக்கும் விமானத்துக்கும் படத்தோல் போர்த்தினார்கள். அதிலிருந்து உடம்பு வளர்ந்துகொண்டே போனது, உள்ளே இருப்பது கூடவே வளரவில்லை. காரணம் லேசானது. இறக்கையின் பளபளப்பை அட்டைப்பெட்டியில் அச்சடிக்கலாம்; ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை அச்சடிக்க முடியாது. போதாததற்கு, முதல்முறை ஜாய்ஸ்டிக் தொடுகிற பன்னிரண்டு வயசுப் பையனும் அதை மேலே ஏற்றியாக வேண்டும்.

2006-ல் வந்த எஃப்எஸ்எக்ஸின் போயிங் 737 இதற்கு நல்ல உதாரணம். வெளியே நின்று பார்த்தால் அழகு. காக்பிட்டில், நிஜ விமானி வழித்தடத்தைத் தட்டிப் பதியும் கணினி இல்லை. பதிலுக்குச் சின்ன விமானங்களில் இருக்கும் ஜிபிஎஸ் பெட்டி ஒன்று. தலைக்கு மேலிருக்கும் பலகையில் பாதிக்கு மேல் வெறும் படம். ஒரு சுவிட்சை நான் பத்துப் பதினைந்து தடவை சொடுக்கியிருப்பேன். மவுஸ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். உயிருள்ள 737 வேண்டுமா, பிஎம்டிஜி போன்ற நிறுவனங்களிடம் தனியாக வாங்க வேண்டும். விலை, சிமுலேட்டரின் விலைக்குக் குறையாது. நிஜத்துக்குத் தனிக் கட்டணம் என்றாகிவிட்டது. என்னிடம் அந்தக் காசு இல்லை.

ஆஸ்டின் மெயரின் எக்ஸ்-பிளேன் வேறு பாதையில் போனது. இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று தரும் விசையைக் கணக்கிடும் முறை அது. ரொம்ப நாள் அதன் டிஃபால்ட் விமானங்கள் பார்க்கச் சுமார்தான், ஆனால் பறப்பதில் நாணயம் இருந்தது.

மைக்ரோசாஃப்ட் பாதையின் கடைசி எல்லை 2012-ல் வந்தது. ‘மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட்’டில் பி-51 மஸ்டாங் விமானத்தைக் காசுக்கு விற்றார்கள், காக்பிட்டே இல்லாமல். வெளியிலிருந்து பார்த்தபடியேதான் ஓட்டணும். ஆர்ட்விக்கின் விமானத்துக்கு வெளிப்புறம் இல்லை, இதற்கு உட்புறம் இல்லை. அதே வருஷம் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

2020-ல் அசோபோ செய்த புதிய சிமுலேட்டரில் ஏ320நியோவின் ஆணித்தலைகள்கூடத் தெரிந்தன. உள்ளே பழைய கதைதான், பல பொத்தான்களுக்கு வேலை இல்லை. ஆனால் இந்தமுறை யாரும் புதிதாக வாங்கக் காத்திருக்கவில்லை. ஃப்ளைபைவயர் என்ற தன்னார்வலர் குழு அதே டிஃபால்ட் விமானத்தை எடுத்து, ஒவ்வொரு அமைப்பாக எழுதிச் சேர்த்து, மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்தது. எக்ஸ்-பிளேன் 11-இன் டிஃபால்ட் 737-க்கு ஸீபோ குழு இதை ஏற்கெனவே செய்திருந்தது. ஸ்டூடியோ செய்தது உடம்பு, உயிர் கொடுத்தது யாரோ முகம் தெரியாதவர்கள்.

அதை இறக்கிய ராத்திரி நான் பறக்கவே இல்லை. இருட்டு காக்பிட்டில் பேட்டரி, பிறகு ஏபியு. ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒரு சத்தம் கேட்டது.