ஜிப்ஸியின் இடது முன்சக்கரம்

2022 நவம்பர். சென்னையிலிருந்து அம்மா வந்திருந்தார். கௌஹாத்திக்கு வரும் எந்தத் தமிழ் அம்மாவையும் முதலில் லோக்ராவில் இருக்கும் பாலாஜி கோயில், அடுத்து காமாக்யா, மூன்றாவதாக ஷில்லாங் என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டு போவது இங்கே இருக்கும் நம்மவர் குடும்பங்களில் எழுதாத சட்டம். நாங்களும் போனோம். ஷில்லாங்கில் குளிர், உமியம் ஏரியில் போட்டோ எல்லாம் முடித்துத் திரும்பி வருகிறோம். நோங்போ தாண்டி இறக்கம் ஆரம்பித்தது.

"ஏதோ தீயற வாசனை வரலை?" என்றார் அம்மா.

"முன்னாடி போற லாரியோட கிளட்ச்சா இருக்கும்மா" என்றேன். அம்மாவுக்கு மோப்பம் அதிகம். பக்கத்து வீட்டில் பால் பொங்கினாலே இங்கிருந்து குரல் கொடுப்பவர். அவர் சொன்னதை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு வளைவு தாண்டியதும் வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எதிரே பஸ். பின் சீட்டில் மனைவியும் பையனும், பக்கத்தில் அம்மா. கியரை இரண்டாவதுக்கு இறக்கி, பெடலைப் படபடவென்று நாலைந்து தடவை மிதித்து, எப்படியோ ஓரத்தில் ஆரஞ்சு விற்கும் கடை அருகே நிறுத்திவிட்டேன். இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்தின் பக்கம் கை வைக்க முடியவில்லை. அனல். அம்மா ஒன்றுமே பேசவில்லை. கடையில் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கினார். அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது!

அம்மாவையும் மனைவியையும் பையனையும் ஷேர் சூமோவில் கானாபாராவுக்கு அனுப்பிவிட்டு, நான் கிரேன் வண்டியோடு ஜிப்ஸியை இழுத்து வந்தேன். அந்த மூன்று மணி நேரம் யோசித்ததும், அடுத்த இரண்டு வாரம் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. பழைய ஜீப், ஜிப்ஸி வைத்துக்கொண்டு மலைப் பக்கம் குடும்பத்தோடு போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். இது நம் எல்லோருக்கும் ஆகக்கூடிய விஷயம்.

வண்டியின் ஜாதகம் முதலில். 1999 மாடல் ஜிப்ஸி கிங். ஒரு தேயிலைத் தோட்ட மேனேஜரிடமிருந்து 2011ல் வாங்கினேன். ஜிப்ஸியின் பூர்வீகம் ஜப்பான். 1960களின் கடைசியில் ஹோப் என்ற சின்ன கம்பெனி செய்த குட்டி நான்குசக்கர வண்டியின் உரிமையை சுசூகி வாங்கி, 1970ல் ஜிம்னி என்று வெளியிட்டது. அந்த வம்சத்தில் 1981ல் பிறந்த தலைமுறையின் நீளமான உருவத்தைத்தான் மாருதி 1985 டிசம்பரில் ஜிப்ஸி என்று இங்கே கொண்டு வந்தது. 970 சிசி எஞ்சின். 1996ல் 1300 சிசி வந்தபோது பெயரோடு 'கிங்' ஒட்டிக்கொண்டது. பட்டாளம், போலீஸ், வனத்துறை, தோட்டம் என்று வடகிழக்கில் இது போகாத இடம் கிடையாது.

முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம். இந்தக் கலவைதான் கதைக்கு முக்கியம்.

டிஸ்க் பிரேக் புதுசு, டிரம் பழசு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சக்கரத்தோடு ஒரு தட்டு சுற்றும், இரண்டு பக்கமும் கட்டைகள் வந்து அதை இடுக்கும். யோசனை பிரமாதம். ஆனால் அன்றைக்குக் கட்டையில் வைக்கச் சரியான பொருள் இல்லை. செம்பை வைத்தார். காது கிழியச் சத்தம், மண் ரோட்டில் சீக்கிரம் தேய்மானம். யோசனை அரை நூற்றாண்டு தூங்கப் போய்விட்டது. டிரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த மாற்றம் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில். கம்பியும் கேபிளும் இழுத்த வேலையைத் திரவம் செய்ய ஆரம்பித்தது. இதற்கு 1917ல் காப்புரிமை வாங்கியவர் மால்கம் லாக்ஹீட். ஆம், விமானக் கம்பெனி சகோதரர்களில் ஒருவர்தான். 1921ல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. அந்தக் காலத்துப் பிரேக் ஆயில் எதிலிருந்து செய்தார்கள் தெரியுமா? விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்து! நம் பாட்டிகள் வாராவாரம் நம்மைத் துரத்திப் பிடித்து வாயில் ஊற்றினார்களே, அதே ஆமணக்கு எண்ணெய். அன்றைய சீல்கள் இயற்கை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் போகும், விளக்கெண்ணெய் பட்டால் ஒன்றும் ஆகாது. அதனால்தான். இந்த விளக்கெண்ணெய் பிறகு மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பில் நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் டிரம். போர் முடிந்ததும் மஹிந்திரா அந்த ஜீப்பை இந்தியாவில் பூட்ட ஆரம்பித்து, பிறகு தயாரிக்கவும் தொடங்கி, பல பத்தாண்டு ஓட்டியது. ஜபல்பூர் தொழிற்சாலையில் பட்டாளத்துக்குச் செய்த ஜோங்காவும், அம்பாசடரும், பத்மினியும் தங்கள் காலத்தின் பெரும்பகுதியை டிரம்மிலேயே கழித்தன. அதாவது இந்திய மெக்கானிக்கின் கை இரண்டு மூன்று தலைமுறை டிரம்மில் பழகிய கை.

இதற்கிடையில் வெளிநாட்டில் டிஸ்க் கண் விழித்தது. டன்லப் கம்பெனி விமானத்துக்காகச் செய்த டிஸ்க் பிரேக்கை ஜாகுவார் பந்தயக் காரில் பொருத்திப் பார்த்தார்கள். 1952ல் ரெய்ம்ஸில் ஸ்டர்லிங் மாஸ் ஜெயித்தார். 1953ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவாரே முதலிடம். மற்றவர்கள் டிரம் சூடேறிவிடுமே என்று வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக்கை மிதிக்க, இவர்கள் கிட்டே போய் மிதித்தார்கள். 1955ல் சிட்ரோயன் டிஎஸ் அதை வீட்டுக் காருக்குக் கொண்டு வந்தது. அதன் பிறகு டிரம் முன்சக்கரத்திலிருந்து மெல்லப் பின்வாங்கிப் பின்சக்கரத்தில் போய் உட்கார்ந்தது. நம் ஜிப்ஸியில் இருப்பதும் அந்தப் பாகப்பிரிவினைதான்.

சரி, ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம்.

மிஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல். இங்கே மரியாதையாக 'தாதா' என்று கூப்பிட வேண்டும். முதல் வருடம் எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவே மறுத்தது, நம்மூரில் தாதா என்றால் யார் என்பது உங்களுக்கே தெரியும் :-) பதினைந்து வயதில் மஹிந்திரா ஜீப்பின் அடியில் படுக்க ஆரம்பித்தவர். அவர் முதலில் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. முன் பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. கேலிப்பரில் இருக்கும் காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினார். ஒரு சொட்டு வந்தது, சக்கரம் அப்போதும் அசையவில்லை.

"அழுத்தம் உள்ளே மாட்டியிருந்தா இப்ப சக்கரம் விட்டிருக்கணும் சார். ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள வீங்கி அடைச்சாலும் இதே மாதிரிதான் பிடிக்கும். ஆனா இது அது இல்ல. பிஸ்டன் இல்லேன்னா பின்."

ஐந்து நிமிடத்தில் பாதி வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார். கழற்றியதும் மீதியும் தெரிந்தது. இது ஒற்றை பிஸ்டன் கேலிப்பர். பிஸ்டன் உள்பக்கக் கட்டையைத் தள்ளும், அந்த வேகத்தில் கேலிப்பரே இரண்டு பின்களின் மேல் வழுக்கி வெளிப்பக்கக் கட்டையை இழுத்துவரும். கீழ்ப் பின் துருவேறி இறுகிக் கிடந்தது. யாரோ முன்பு சாதாரண மஞ்சள் கிரீஸைத் தடவியிருந்தார்கள், அதில் அதன் ரப்பர் உறை ஊதிக் கிழிந்திருந்தது. பிஸ்டனின் தூசி உறையிலும் கிழிசல். அந்த ஜூனில் கௌஹாத்தி வெள்ளத்தில் எங்கள் அனில் நகர் தெருவில் வண்டி சக்கரம் மூழ்க நின்றது. 2020ல் ஊரடங்கின்போது மாதக்கணக்கில் அசையாமல் வேறு கிடந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

காற்றடித்து பிஸ்டனை வெளியே தள்ளலாம் என்று பையன் கம்ப்ரஸர் ஹோஸை எடுத்து வந்தான். தாதா விரட்டிவிட்டார். துப்பாக்கி குண்டு மாதிரி வரும், விரல் போய்விடும் என்றார். கேலிப்பரை ஹோஸோடு விட்டு, பெடலை மெல்ல மெல்ல மிதிக்கச் சொல்லி, ஆயில் அழுத்தத்திலேயே வெளியே கொண்டுவந்தார். பிஸ்டனின் வெளி ஓரத்தில் குரோம் உரிந்து, அம்மைத் தழும்பு மாதிரி குழிகள்.

இங்கேதான் எங்களுக்குள் சண்டை. தாதா எமரித் தாளை எடுத்துக் கேலிப்பரின் உள்துளையைப் பளபளவென்று தேய்க்க ஆரம்பித்தார். பிஸ்டனையும் அதே தாளில் இரண்டு தேய்ப்பு தேய்த்து, "சீல் மட்டும் புதுசு போட்டா போதும், ஓடும்" என்றார்.

டிரம் பிரேக்கின் வீல் சிலிண்டருக்கு அது சரியான வைத்தியம். அங்கே ரப்பர் கிண்ணம் பிஸ்டனோடு சேர்ந்து துளைக்குள் ஓடும். ரப்பர் உரசுவது துளையின் சுவரில். அதனால் சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். இந்தக் கேலிப்பரில் நிலைமை தலைகீழ். சதுர வெட்டு கொண்ட ரப்பர் வளையம் துளையின் ஒரு பள்ளத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, பிஸ்டன்தான் அதற்குள் போய் வருகிறது. ரப்பர் உரசுவது பிஸ்டனின் மேல். ஆகவே துளைச் சுவரில் லேசான கறை இருந்தால் பரவாயில்லை, பிஸ்டனில் ஒரு குழிகூட இருக்கக் கூடாது. இன்னொன்று, டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் உண்டு. இதில் ஸ்பிரிங்கே கிடையாது. மிதிக்கும்போது அந்த ரப்பர் வளையம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், விட்டதும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னால் இழுக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. பள்ளத்தில் துரு சேர்ந்து வளையத்தை நெருக்கினால் அந்த மயிரிழையும் போச்சு. கட்டை தட்டை விடாது, சூடு, நாற்றம், இழுப்பு.

தாதா முட்டாள் இல்லை. ஆயிரம் டிஸ்க் பிரேக் பார்த்தவர்தான். ஆனால் அவர் கை ஜீப் காலத்தில் கற்றுக்கொண்ட கை, அது தானாகத் துளைக்குத்தான் போகிறது. வீல் சிலிண்டரையும் கேலிப்பரையும் அருகருகே மேஜையில் வைத்து, ரப்பர் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். ரொம்ப நேரம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு அசாமியில் அதையே அவனுக்கு விளக்க ஆரம்பித்தார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி! போகட்டும்.

புது கேலிப்பர் முழுசாக வாங்குவதா, இருப்பதையே சீரமைப்பதா என்ற கேள்வி வந்தது. கேலிப்பர் உடம்பில் விரிசல் இல்லை, பள்ளத்தை சுத்தம் செய்தால் நல்ல உலோகம் தெரிந்தது. அதனால் சீரமைப்பு. ஆனால் கஞ்சத்தனம் பண்ணாமல் இரண்டு பக்கமும் புது பிஸ்டன், புது சீல், தூசி உறை, பின்கள், கட்டைகள், இரண்டு ரப்பர் ஹோஸ். ஒரு பக்கம் மட்டும் புதுசாக்கினால் வண்டி புது பக்கம் இழுக்கும். பள்ளத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டவில்லை, மூங்கில் குச்சியைக் கூராக்கிச் சுரண்டினோம். அசாமில் மூங்கிலுக்கா பஞ்சம்?

அன்றைக்கு பெடல் ஏன் பஞ்சானது என்பதும் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இப்போதைய பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு. ஈரம் குடித்தபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். என் ஆயில் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. எத்தனை வருஷம் மாற்றவில்லை என்று எண்ணவே வெட்கமாக இருந்தது. பிடித்துக்கொண்ட கட்டையின் சூடு ஆயிலைக் கொதிக்க வைத்தது, ஆயில் ஆவியானது, ஆவியை எவ்வளவு மிதித்தாலும் அது அமுங்கத்தான் செய்யும். ஆக, குற்றவாளி துரு மட்டும் இல்லை. நானும்தான்.

ஆயில் வாங்க ஆட்காவ் பக்கம் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் 'ஜிர்லிங்' டின் ஒன்றை எடுத்து வைத்தார். ஜிர்லிங் 1920களில் பிரேக் கண்டுபிடிப்புக்குப் பெயர்பெற்ற ஓர் ஆங்கிலேயரின் பெயர். அந்தப் பெயர் பின்னாளில் லூகாஸ் குடும்பத்துக்குள் வந்தது. 1962ல் டிவிஎஸ்ஸும் லூகாஸும் சேர்ந்து பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியபோது நம்மூருக்கும் வந்து சேர்ந்தது. டின்னைத் திருப்பினால் சென்னை, பாடி என்று போட்டிருக்கிறது. நான் வளர்ந்தது பக்கத்துக் கொரட்டூரில். 'லூகாஸ் ஸ்டாப்' என்று இறங்கி நடந்த ரோடு. சம்பந்தர் பாடிய திருவலிதாயம் கோயிலும் அந்தப் பாடியில்தான். பிரம்மபுத்திரா கரையில், கல்லாப் பெட்டிக்கு முன்னால் அந்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கடைக்காரர், "எக்ஸ்பைரி பாக்கறீங்களா சார்? புது ஸ்டாக்தான்" என்றார்.

பின்களுக்கு சிவப்பு ரப்பர் கிரீஸ் கேட்டு வாங்கினேன். ரப்பரை ஊதவைக்காத கிரீஸ். அதன் அடிப்படை ஆமணக்கு எண்ணெய்! நூறு வருஷம் சுற்றி மறுபடி பாட்டியின் விளக்கெண்ணெய்க்கே வந்துவிட்டோம். மஞ்சள் கிரீஸ் டப்பாவை தாதாவின் மேஜையிலிருந்து நானே எடுத்து வீல் பேரிங் அலமாரியில் வைத்தேன். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டே இருப்பது வரை காற்றெடுத்தோம். தேன் நிறத்தில் புது ஆயில் வரும்வரை விடவில்லை. பிறகு ஜோராபாட் வரை ஓட்டிப் போய், இறங்கி நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். முன் இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு.

இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுசாக மாற்றிவிடுகிறேன். மழைக்காலம் முடிந்ததும் பின்களைக் கழற்றித் துடைத்துச் சிவப்பு கிரீஸ் போடுகிறேன். மலை இறக்கத்தில் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் நான்கு சக்கரத்தையும் புறங்கையால் தடவிப் பார்ப்பதைப் பார்த்துப் பையன் சிரிக்கிறான், காய்ச்சல் பார்க்கிறேனாம்.

அம்மா போன வருஷம் மறுபடி வந்தார். ஷில்லாங் போகலாமா என்றேன். "போலாமே" என்றார். கிளம்பும்போது பார்த்தால் ஆரஞ்சுக்கென்று வீட்டிலிருந்தே ஒரு பை எடுத்து மடியில் வைத்திருந்தார்.