ஒரகடத்தில் நின்ற ஆலையும் மெய்நிகர் வழங்கிகளின் காவலும்

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. அவற்றின் மேலடுக்குகளில் ரோமானிய மதுச்சாடி ஓடுகளும் பல்லவர் காலச் சின்னங்களும் கிடைத்தன. அவற்றைப் பற்றி எழுத அறிஞர் பலர் உளர். அதே நிலப்பரப்பின் ஆக மேலுள்ள அடுக்கைப் பற்றி, அதாவது திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் ஆலைகளின் கணினி அறைகளைப் பற்றி எழுதுவார் அரிது. ஆகவே நாம் துணிந்தோம். இலக்கியம் பேசும் இடத்தில் நச்சுநிரலுக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவிற்று. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. பிரான்சில் ரெனோ ஆலைகள் நின்றன. இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் நிசான் ஆலை பாதிக்கப்பட்டது. அந்த வார இறுதியிலேயே ஒரகடத்தில் 2010 முதல் இயங்கிவந்த ரெனோ-நிசான் கூட்டு ஆலையிலும் உற்பத்தி பாதிக்கப்பட்டதெனச் செய்தி வந்தது. வாகன ஆலை ஒன்று நின்றால் அது மட்டும் நிற்பதில்லை. மணிக்கணக்குப் பார்த்து உதிரிபாகம் கொண்டுவரும் லாரிகளும், அவற்றை வார்த்துத் தரும் சிறு பட்டறைகளும், முறைமாற்றத்துக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளரும் சேர்ந்தே நிற்கின்றனர்.

இத்தனைக்கும் அந்நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பிறகு ஏன் உலகின் ஆலைகள் பல விழுந்தன? திருத்தம் இட்டால் கணினியை அணைத்து எழுப்ப வேண்டும். அதற்கு உற்பத்தி வரிசையை நிறுத்த வேண்டும். அந்த அரைமணி நேரத்தைத் தர எந்த ஆலை மேலாளருக்கும் மனம் வருவதில்லை. இதைச் சோம்பல் என்று நாம் கருதவில்லை. கணக்கின் கோளாறு என்றே கருதுகிறோம்.

இனி மெய்நிகர் வழங்கிக்கு வருவோம். ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் காட்டும் கலை புதிதன்று. 1960-களில் ஐபிஎம் தன் விலையுயர்ந்த பெருங்கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளக் கண்ட வழி அது. 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1998-இல் தோன்றிய விஎம்வேர் நிறுவனம் அக்கலையைச் சாதாரணக் கணினிகளுக்குக் கொணர்ந்தது. நச்சுநிரல் எதிர்ப்போ வேறு வழியில் வளர்ந்தது. 1986-இல் லாகூர் உடன்பிறப்புகள் இருவர் எழுதிய 'பிரெயின்' நெகிழ்வட்டு வழியாக ஊர் ஊராய்ச் சென்றது; அதைப் போன்றவற்றைத் துரத்தப் பல நிறுவனங்கள் எழுந்தன. நம் சென்னையின் கே7 நிறுவனமும் 1991-இல் தொடங்கிய அத்தலைமுறையைச் சேர்ந்ததே. அது ஜப்பானில் பெருஞ்சந்தை கண்டது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

ஒரு கணினி, அதற்கொரு வட்டு, அதற்கொரு காவலன் என்பதே அக்காலத்துக் காவல் மென்பொருளின் நம்பிக்கை. மெய்நிகர் உலகில் அந்நம்பிக்கை பொய்த்தது. ஒரே பெட்டியில் முப்பது மெய்நிகர் வழங்கிகள் உள்ளன எனக் கொள்வோம். நள்ளிரவு பன்னிரண்டுக்கு முழுச்சோதனை என்று மேலாண்மை மென்பொருள் கட்டளையிட்டால், முப்பது காவலர்களும் ஒரே வட்டுத்தொகுதியை ஒரே நொடியில் துழாவத் தொடங்குவர். பெட்டி மூச்சுத்திணறும். இதனை 'ஆன்டிவைரஸ் புயல்' என்றே அத்துறையினர் அழைக்கின்றனர். ஒவ்வொரு வழங்கிக்குள்ளும் காவலனை நிறுத்தாது, பெட்டிக்கொரு தனிக் காவல் வழங்கி வைத்துச் சோதிக்கும் முறையை 2010 வாக்கில் விஎம்வேரும் டிரெண்ட் மைக்ரோவும் கொணர்ந்தது இதற்காகவே.

இதினும் நுட்பமான இடர் ஒன்றை, அத்தடத்தின் உதிரிபாக ஆலையொன்றில் கணினிப் பொறுப்பிலுள்ள நண்பர் நமக்குச் சொன்னார். காவல் மென்பொருளை நிறுவிய பின் ஒரு வழங்கியைப் படியெடுத்துப் பன்னிரண்டு வழங்கிகள் ஆக்கியிருந்தனர். காவலனின் அடையாள எண்ணும் சேர்ந்தே படியாகிவிட்டது. மேலாண்மைத் திரையில் பன்னிரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. எது கடைசியாகப் பேசிற்றோ அதன் நலமே எல்லாவற்றின் நலமாகக் காட்டப்பட்டது. பல மாதம் திரை பச்சையாகவே இருந்ததாம். படியெடுக்குமுன் அவ்வெண்ணை அழித்தால் போதும். அதைச் செய்ய எவருக்கும் நினைவில்லை.

காவலனே கள்வனைவிடக் கேடு செய்த நாள்களும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாக் கோப்பொன்றை நச்சுநிரல் எனத் தவறாகப் பிடித்தது. கணினிகள் ஓயாது அணைந்தெழுந்தன. அப்போது அந்நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலராக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ், 2011-இல் கிரவுட்ஸ்டிரைக்கைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக்கின் பிழையான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிற்று. இந்திய விமான நிலையங்களில் விமானமேறும் அனுமதிச்சீட்டைக் கையால் எழுதித் தந்தனர். அன்று முடங்கிய மெய்நிகர் வழங்கிகளுக்கு ஒரு வழி இருந்தது: வட்டைக் கழற்றி நலமுள்ள வேறொரு வழங்கியில் இணைத்துக் கேடான கோப்பை நீக்கலாம். ஆனால் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்து, அதன் திறவுகோல்களும் முடங்கிய வழங்கியிலேயே இருந்தால் அவ்வழியும் அடைபடும்.

நண்பரின் ஆலையில் இப்போது காவல் மேலாண்மை வழங்கி தனிப் பெட்டியில் இருக்கிறது. சோதனைகள் ஒரே மணியில் தொடங்காது முன்பின்னாக நடக்கின்றன; புதுப்பிப்பு முதலில் மூன்று வழங்கிகளுக்குப் போய், ஒரு நாள் கழித்தே மற்றவற்றுக்குப் போகிறது. கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட ஆணைப்படி பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கின்றனர். திறவுகோல்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். சட்டைப்பையிலிருந்து அலமாரிச் சாவி ஒன்றை எடுத்துக் காட்டினார். தாளில் அச்சிட்டு அதில் பூட்டி வைத்திருக்கிறாராம்.