பண்பாடும் கைத்தொழில் வளர்ச்சியும்: யப்பானிய அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் பொருளாதார உயர்ச்சிக்கோ பின்னடைவுக்கோ காரணம் காண முனைவோர், ஈற்றில் அந்நாட்டு மக்களின் பண்பாட்டைச் சுட்டி அமைவது பெருவழக்காகும். 1904-05 ஆம் ஆண்டுகளில் மக்ஸ் வெபர், புரட்டஸ்தாந்து சமய ஒழுக்கத்துக்கும் முதலாளித்துவ மனப்பாங்குக்குமிடையே உள்ள உறவை ஆராய்ந்தமை இத்தகைய சிந்தனைக்கு வழிகோலிற்று. மேற்குலகுக்கு வெளியே முதன்முதலாகக் கைத்தொழில் வல்லரசாக எழுந்த யப்பான், இச்சிந்தனைக்கு உரைகல்லாயிற்று. 1957 இல் றொபேட் பெல்லா, டொக்குகாவாக் காலச் சமய மரபில் வெபர் கூறிய ஒழுக்கத்துக்கு ஒப்பான பண்புகளைக் கண்டார். 1982 இல் மிச்சியோ மொறிஷிமா, சீனக் கொன்பூசியம் அன்புடைமையை முதன்மைப்படுத்த, யப்பானியக் கொன்பூசியம் விசுவாசத்தை முதன்மைப்படுத்தியமையே யப்பானின் வெற்றிக்கு அடிப்படை என வாதிட்டார். இவ்விளக்கங்களில் உண்மையில்லை எனத் தள்ளிவிட இயலாது. ஆயினும், பண்பாடு என்பது முன்னோர் விட்டுச்சென்ற மாறாத சொத்தா, அன்றி ஒவ்வொரு காலத்தின் தேவைகளுக்கும் முரண்பாடுகளுக்குமேற்ப மீண்டும் மீண்டும் ஆக்கப்படுவதா என்ற வினாவுக்கு அவற்றில் நிறைவான விடை இல்லை. யப்பானிய வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, பின்னதே பொருத்தமானதெனத் தோன்றும்.

1603 முதல் 1868 வரை நிலவிய டொக்குகாவா ஆட்சியில் போர்வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்ற வரிசையிலே சமூகம் வகுக்கப்பட்டிருந்தது. பொருளை ஆக்காது கைமாற்றி இலாபம் ஈட்டுவோர் எனக் கருதப்பட்டமையால், வணிகர் கடைநிலையில் வைக்கப்பட்டனர். இக்கருத்துக்குக் கொன்பூசியச் சிந்தனையே துணைநின்றது. ஆனால் நடைமுறையோ வேறாயிருந்தது. ஒசாக்காவும் எடோவும் பெருஞ்சந்தைகளாக வளர்ந்தன. மிற்சுயி குடும்பத்தார் 1673 இல் எடோவில் நிறுவிய துணிக்கடை, ரொக்கப் பணத்துக்கு நிலையான விலையில் விற்கும் முறையாற் புகழ்பெற்றது. செல்வம் இருந்தும் மதிப்பில்லாத இவ்வகுப்பின் மனக்குறைக்கு மொழி கொடுத்தவர் இஷிடா பைகன் (1685-1744) ஆவார். 1729 இல் கியோட்டோவிற் போதிக்கத் தொடங்கிய அவர், போர்வீரன் பெறும் மானியம் எத்தகையதோ வணிகன் பெறும் நேர்மையான இலாபமும் அத்தகையதே என்றார். வணிகரைத் தாழ்த்திய மரபிலிருந்தே வணிகரை உயர்த்தும் வாதமும் பிறந்தமை மனங்கொள்ளத்தக்கது.

1868 இன் மெய்ஜி மாற்றத்தின் பின் இம்மறுவாசிப்பு தேசத்தின் தேவையாயிற்று. 1876 இல் சாமுராய்களின் மானியங்கள் அரசாங்க முறிகளாக மாற்றப்பட்டன. அம்முறிகளிற் கணிசமானவை தேசிய வங்கிகளின் மூலதனமாயின. ஆனால் வாளேந்திய வகுப்பினர் எண்சட்டத்தைக் கையிலெடுப்பது இழிவு என்ற எண்ணம் எளிதில் நீங்கவில்லை. இத்தடையை உடைக்க முயன்றவருள் தலையாயவர் ஷிபுசாவா எய்ச்சி (1840-1931). உழவர் குடும்பத்திற் பிறந்து, 1867 இற் பாரிஸ் கண்காட்சிக்குச் சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்று, 1873 இல் நிதியமைச்சுப் பதவியைத் துறந்து வங்கித்துறை புகுந்த அவர், ஏறத்தாழ 500 கம்பனிகளின் தோற்றத்தோடும் வளர்ச்சியோடும் தொடர்புற்றிருந்தார். 1916 இல் வெளிவந்த அவரது ‘உரைக்கோவையும் எண்சட்டமும்’ என்னும் நூல், கொன்பூசியசின் அறவுரையும் வணிகக் கணக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை வலியுறுத்திற்று. முன்னர் வணிகத்தை இகழ எடுத்தாளப்பட்ட அறநூல் மரபே இப்போது வணிகத்துக்கு மதிப்பளிக்கும் சான்றாயிற்று.

இன்று யப்பானியரின் பிறவிக்குணமெனப் போற்றப்படும் நேரந்தவறாமையும் இவ்வாறு ஆக்கப்பட்டதே. 1857 முதல் 1859 வரை நாகசாக்கியிற் கடற்படைப் பயிற்சியளித்த ஒல்லாந்த அதிகாரி கட்டன்டைக்க, யப்பானியர் நேரத்தைப் பேணாமை குறித்துச் சலிப்புற்று எழுதியுள்ளார். 1872 இற் புகையிரதப் பாதையும் 1873 இற் சூரிய நாட்காட்டியும் வந்தன. பாடசாலை மணியும் தொழிற்சாலைச் சங்கும் தொடர்ந்தன. புதிய பழக்கம் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றப்பட்டது.

மரபு மறுவாசிப்புக்கு உள்ளாகும்போது, அதனால் யார் பயனடைந்தனர் என்ற வினாவும் எழுகின்றது. யப்பானின் ஏற்றுமதிக்கு முதுகெலும்பாயிருந்த பட்டு, பருத்தி ஆலைகளில் உழைத்தோருட் பெரும்பான்மையினர் வறிய உழவர் குடும்பங்களின் பெண்மக்கள். தந்தையர் முற்பணம் பெற்று ஒப்பந்தமிட, மகளிர் ஆலை விடுதிகளில் அடைபட்டு நெடுநேரம் உழைத்தனர். இவர்களைப் பாதுகாக்கச் சட்டம் வேண்டும் எனக் குரல் எழுந்தபோது ஆலை அதிபர் பலர் பண்பாட்டையே கேடயமாக்கினர். முதலாளியும் தொழிலாளியும் தந்தையும் பிள்ளையும் போல அன்பினாற் பிணைக்கப்பட்ட நாட்டிலே மேற்கத்தியச் சட்டம் அந்த இனிய உறவைக் கெடுத்துவிடும் என்பது அவர்களது வாதம். ஷிபுசாவாவும் தொடக்கத்தில் இத்தகைய சட்டத்தை எதிர்த்துப் பின்னரே உடன்பட்டார். தொழிற்சாலைச் சட்டம் 1911 இல் நிறைவேறியபோதிலும் 1916 இலேயே நடைமுறைக்கு வந்தது. பெண்களின் இரவு வேலைக்கான தடை 1929 வரை தாமதமாயிற்று. அந்த ‘அன்புக் குடும்பத்தின்’ பிள்ளைகளோ வாளாவிருக்கவில்லை. 1886 இலேயே கோஃபு நகரப் பட்டாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தனர்.

வாழ்நாள் வேலை என்னும் புகழ்பெற்ற வழக்கமும் இந்நோக்கில் ஆராயத்தக்கது. 1958 இல் ஜேம்ஸ் அபெக்லன் இதனை யப்பானியத் தொழிற்சாலையின் தனியியல்பாக விவரித்து, பழைய சமூக உறவுகளின் தொடர்ச்சியாகக் கண்டார். ஆனால் 1903 இல் அரசாங்கம் வெளியிட்ட தொழிலாளர் நிலை அறிக்கை காட்டும் சித்திரம் வேறானது. அக்காலத் தொழிலாளர் அடிக்கடி ஆலை மாறினர், ஓடியும் போயினர். பயிற்றப்பட்ட ஊழியரை இழக்க விரும்பாத பெருநிறுவனங்கள் முதலாம் உலகப்போர்க் காலத்தை அடுத்தே சேவைக்கால ஊதிய உயர்வு முதலிய முறைகளைப் படிப்படியாக வகுத்தன. இரண்டாம் உலகப்போரின் பின் தொழிற்சங்கங்கள் பணிநீக்கத்தை எதிர்த்துப் போராடின. 1950 இல் டொயோட்டாவில் நிகழ்ந்த போராட்டத்தின்போது அதன் தலைவர் பதவி விலக நேர்ந்தது. 1960 இன் மீக்கே சுரங்கப் போராட்டம் தொழிலாளரின் தோல்வியில் முடிந்தது. இவற்றின் விளைவான இணக்கமே பின்னர் ‘மரபு’ எனப் பெயர் பெற்றது. அதன் பாதுகாப்பும் பெருநிறுவனங்களின் நிரந்தர ஆண் ஊழியருக்கே முழுமையாகக் கிட்டியது. சிறுதொழிலகத்தாரும் பெண்களும் பெரும்பாலும் அதற்குப் புறத்தே நின்றனர்.

1990களின் பொருளாதாரத் தேக்கத்தின் பின் நிரந்தரமற்ற ஊழியர் தொகை பெருகி, மொத்த ஊழியரில் மூன்றிலொரு பங்கைக் கடந்தது. விசுவாசம் எனப் போற்றப்பட்டதன் மறுபக்கமான மிகையுழைப்பு மரணங்களைத் தடுக்க 2014 இற் சட்டம் இயற்றப்பட்டது. 2019 முதல் மேலதிக வேலை நேரத்துக்குச் சட்டபூர்வ உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. 2024 இல் வெளியான 10,000 யென் தாளில் ஷிபுசாவாவின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. எண்சட்டத்துக்கு மதிப்புத் தேடியவர் பணத்தாளிலேயே இடம்பெற்றமை பொருத்தமே. எனினும் அவர் காலத்து ஆலைப் பெண்களின் உழைப்பும் அச்செல்வத்தின் அடித்தளத்தில் இருந்ததென்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

எனவே, பண்பாடு சமூகத்தையும் தொழிலையும் உருவாக்குகிறது என்னும் கூற்று பாதி உண்மையே. இலாபத்துக்கு நியாயம், உழைப்புக்கு ஒழுங்கு, கூட்டுறவுக்கு மொழி ஆகியவற்றைப் பண்பாடு வழங்குகிறது. ஆனால் மரபின் எப்பகுதி எடுக்கப்படும், எப்பகுதி விடப்படும், எதற்கு மரபெனப் பெயர் சூட்டப்படும் என்பவற்றை அவ்வக்காலச் சமூக சக்திகளின் போராட்டமே தீர்மானிக்கிறது. இதனை உணராதோர், முன்னேறிய நாட்டின் வெற்றியை அதன் பிறவிப் பெருமையாகவும் பின்தங்கிய நாட்டின் வறுமையை அதன் பிறவிக் குறையாகவும் கொள்வர். நேரம் பேணாதோரெனப் பெயர் பெற்றிருந்த மக்கள் நூறாண்டுக்குள் அதற்கே முன்மாதிரியாகக் காட்டப்பட்ட வரலாறு, அக்கொள்கைக்குத் தக்க மறுப்பாகும்.