பயிற்சிச் செலவு யார் கணக்கில்? - மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பின் கதை

எங்கள் அத்தை ஒரு டாக்டரின் கிளினிக்கில் 19 வருடம் வேலை பார்த்தார். ஊரே 'நர்ஸம்மா' என்றுதான் கூப்பிடும். ஆனால் அத்தை நர்சிங் படித்தவர் இல்லை. பத்தாவது முடித்துவிட்டு டோக்கன் கொடுக்கப் போனவர். டாக்டர் முதலில் பிரஷர் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் கட்டுப் போட, அப்புறம் ஊசி போட. என் தம்பி அத்தை கையால் ஊசி என்றால்தான் அழ மாட்டான்.

டாக்டருக்கு வயதாகி கிளினிக்கை மூடிவிட்டார். அத்தை பக்கத்து டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலை கேட்டுப் போனார். "என்னம்மா படிச்சிருக்கீங்க? சர்டிபிகேட் இருக்கா?" என்று இரண்டே கேள்விதான். இப்போது அத்தை ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார்.

சரி, பி.காம் படிக்கிற எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'லேபர் டர்ன்ஓவர்' என்று ஒரு பாடம் வரும். ஒரு ஆள் வேலையை விட்டுப் போனால் புது ஆளை எடுத்துப் பழக்குவதற்கு ஆகும் செலவுக்கு 'ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்' என்று பெயர். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. பயிற்சிச் செலவு முதலாளியின் செலவு என்று புத்தகம் சொல்கிறது. அத்தை விஷயத்தில் அந்த ஆஸ்பத்திரி ஏன் "நாங்களே பழக்கிக்கிறோம்" என்று சொல்லவில்லை? அந்தச் செலவு எப்போது வேலைக்கு வருகிறவரின் கணக்குக்கு மாறியது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது அமெரிக்காவில் போய் முடிந்தது. ஏனென்றால் அத்தை பார்த்த அதே வேலைக்கு அங்கே ஒரு பெயர், ஒரு படிப்பு, ஒரு தேர்வு எல்லாம் இருக்கிறது. பெயர் மெடிக்கல் அசிஸ்டென்ட். அதைப் படிக்க ஏராளமானவர்கள் போகும் இடம் கம்யூனிட்டி காலேஜ்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அங்கே 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' என்று இன்னொரு வேலை உண்டு. அது 1965ல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்பவர் கடற்படையில் மருத்துவ வேலை பார்த்தவர்களை வைத்துத் தொடங்கியது. அவர்கள் நோயாளியைப் பரிசோதித்து மருந்தே எழுதித் தருவார்கள். நான் சொல்வது அவர்களை அல்ல. எடை, உயரம், பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்து, ஈ.சி.ஜி எடுத்து, டாக்டர் சொன்னபடி ஊசி போட்டு, கடைசியில் இன்ஷூரன்ஸ் பில்லும் போடுகிறவரை. நம்ம ஊர் கம்பவுண்டர், நர்ஸம்மா, ரிசப்ஷன் பெண் மூவரும் ஒரே ஆளாக ஆனால் எப்படியோ, அப்படி.

டாக்டர் வீட்டு வேலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டாக்டருக்கு உதவியாளர் என்றால் அவர் மனைவி, அல்லது பக்கத்துத் தெருப் பெண். சொல்லிக்கொடுப்பது டாக்டர், செலவும் டாக்டருடையது. அதாவது அத்தை கதைதான்.

இதை மாற்றியது மருத்துவம் மட்டும் இல்லை, காகிதமும்தான். 1929ல் டல்லாஸ் நகரில் ஆசிரியர்கள் மாதம் 50 சென்ட் கட்டினால் பெய்லர் மருத்துவமனையில் 21 நாள் வரை தங்கிச் சிகிச்சை பெறலாம் என்று ஒரு திட்டம் வந்தது. ப்ளூ கிராஸ் இன்ஷூரன்ஸுக்கு அதுதான் விதை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ல், அரசாங்கம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. சம்பளத்தைக் கூட்ட முடியாத கம்பெனிகள் ஆளைப் பிடித்து வைக்க இன்ஷூரன்ஸ் கொடுத்தன. நோயாளி கையில் காசு கொடுத்துவிட்டுப் போன காலம் போய், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படிவம் என்று ஆனது. அந்தப் படிவத்தை நிரப்ப ஆள் வேண்டுமே! ஒரு கையில் ஊசி, ஒரு கையில் லெட்ஜர் என்ற வேலை இப்படித்தான் வளர்ந்தது.

இரண்டு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே நியூயார்க்கில் மாண்டல் பள்ளி போன்ற தனியார் பள்ளிகள் இதற்கென்று வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டன. அங்கே பீஸ் கட்டுவது மாணவி. செலவு கணக்கு மாறுவது முதன்முதலில் இங்கேதான்.

ஆறு பேரில் தொடங்கிய கல்லூரி

இனி கதையின் இன்னொரு பாதி. 1901ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளி, மேல்படிப்பின் முதல் இரண்டு வருடத்தைத் தானே நடத்தத் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், பள்ளியை நடத்திய ஸ்டான்லி பிரவுனும் சேர்ந்து போட்ட திட்டம். முதலில் சேர்ந்தவர்கள் 6 பேர்! இன்றும் இருக்கும் அரசுக் கம்யூனிட்டி காலேஜ்களில் மூத்தது ஜோலியட்தான்.

அப்போது அதற்கு ஜூனியர் காலேஜ் என்று பெயர். நோக்கம், பல்கலைக்கழகத்துக்கு ஆள் தயார் செய்வது. தொழில் கற்றுக்கொடுப்பது அப்புறம் வந்தது. 1944ல் போர்வீரர்களுக்கான ஜி.ஐ. சட்டம் வந்து, திரும்பி வந்த வீரர்களின் படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்றது. 1947ல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில், குறைந்த செலவில், ஊருக்குத் தேவையான தொழிலையும் சேர்த்துச் சொல்லித் தரும் கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்றது. 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவியது இந்த அறிக்கைக்குப் பிறகுதான். 1960களில் மட்டும் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் திறந்தன. கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒன்று! உள்ளூர் வரி, மாநில அரசுப் பணம், மிச்சத்துக்கு மாணவர் கட்டணம். கலிபோர்னியாவில் 1984 வரை மாநிலவாசிகளுக்குக் கட்டணமே கிடையாது.

மருத்துவமனை வேலையை இந்தக் கல்லூரிக்குள் கொண்டுவரலாம் என்று காட்டியவர் மில்ட்ரெட் மான்டாக் என்ற நர்சிங் பேராசிரியை. அதுவரை நர்ஸ் ஆக வேண்டுமானால் மருத்துவமனைப் பள்ளியில் சேர வேண்டும். படிப்பு என்ற பெயரில் வார்டு வேலை முழுக்க மாணவிகள் தலையில். மான்டாக், மாணவி முதலில் மாணவியாக இருக்கட்டும், கல்லூரியிலேயே இரண்டு வருடத்தில் படிக்கட்டும் என்றார். 1952ல் தொடங்கிய ஐந்து வருடச் சோதனை வெற்றி பெற்றது. நர்ஸுக்குத் திறந்த அதே கதவு வழியாகத்தான் பின்னால் மெடிக்கல் அசிஸ்டென்ட்டும் உள்ளே வந்தார்.

கான்சாஸில் கூடிய பெண்கள்

டாக்டர் ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1955ல் பல மாநிலங்களிலிருந்து கான்சாஸ் மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் கூடினார்கள். அடுத்த வருடம் மில்வாக்கியில் அமெரிக்க மெடிக்கல் அசிஸ்டென்ட் சங்கத்தின் விதிகள் நிறைவேறின. முதல் தலைவர் மேக்சின் வில்லியம்ஸ். 1963ல் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது இதற்கு அங்கீகாரம் பெற்ற படிப்பே கிடையாது. தேர்வு எழுதியவர்கள் வேலை பார்த்தே கற்றுக்கொண்டவர்கள். அதாவது, 'எனக்குத் தெரியும், சோதித்துப் பார்த்துக்கொள்' என்று சொல்ல அவர்களே தங்களுக்கு ஒரு வழி செய்துகொண்டார்கள். என் அத்தைக்குக் கிடைக்காதது அதுதான்.

1965 ஜூலை 30ல் ஜனாதிபதி ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் அட்டை யாருக்குத் தெரியுமா? கம்யூனிட்டி காலேஜுக்கு வழி சொன்ன அதே ட்ரூமனுக்கு! 65 வயது தாண்டியவர்கள் எல்லாம் காப்பீட்டோடு டாக்டரிடம் வந்தார்கள். கூட்டமும் கூடியது, காகிதமும் கூடியது. 1966ல் மருத்துவத் துணைப்பணிப் படிப்புகளுக்கு நிதி கொடுக்கும் சட்டம் வந்தது. 1969ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தோடு சேர்ந்து பாடத்திட்டத்துக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. கல்லூரி, படிப்பு, வேலை மூன்றும் ஒருவழியாகச் சந்தித்தன.

என்ன படிக்கிறார்கள்?

ஒன்பது மாதம், ஒரு வருடம் என்றால் சான்றிதழ். இரண்டு வருடம் என்றால் அசோசியேட் பட்டம். உடற்கூறு, மருத்துவச் சொற்கள், கிருமிநீக்கம், ரத்தம் எடுப்பது, ஊசி, ஈ.சி.ஜி, சட்டமும் நெறிமுறையும். அதோடு நோய்க்கும் சிகிச்சைக்கும் தனித்தனிக் குறியீடு போட்டு இன்ஷூரன்ஸுக்கு அனுப்புவது. (நம்ம காமர்ஸ் பசங்களுக்கு இது மட்டும் ஈஸியாக இருக்கும் :-))

கடைசியில் ஏதாவது ஒரு கிளினிக்கில் நேரடிப் பயிற்சி. 2015ஆம் ஆண்டின் அங்கீகார விதிகளின்படி குறைந்தது 160 மணி நேரம். சம்பளம் கிடையாது! அந்தக் காலத்து டாக்டர் பழக்கும்போதே ஏதோ சம்பளம் கொடுத்தார். இங்கே மாணவர் பீஸும் கட்டி, இலவசமாக வேலையும் செய்கிறார்.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அத்தைக்கு ஊசி போடத் தெரியும். ஒருவருக்கு மருந்து ஒத்துக்கொள்ளாமல் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. "அந்த மாதிரி ஒண்ணும் ஆகலடா, சாமி புண்ணியம்" என்பார். நோயாளியின் உயிர் சாமி புண்ணியத்தில் நிற்கக் கூடாது. படிப்பு வேண்டும். கேள்வி, அதற்கு யார் பணம் கட்டுவது என்பதுதான்.

கடன் ஏறிய கதை

1972ல் உயர்கல்விச் சட்டத் திருத்தம் வந்தது. லாப நோக்கில் நடக்கும் தனியார் பள்ளி மாணவர்களுக்கும் மத்திய அரசின் உதவித்தொகை, கடன் எல்லாம் தாராளமாகக் கிடைக்க வழி திறந்தது. மாணவர் சேர்ந்தால் போதும், பணம் பள்ளிக்கு வந்துவிடும். வேலை கிடைத்ததா என்பது மாணவர் பாடு. மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பு இதற்கு ரொம்பத் தோதாக இருந்தது. குறுகிய காலம், வெள்ளைக் கோட்டு, டி.வி விளம்பரம்.

இதன் உச்சம் கொரிந்தியன் காலேஜஸ் என்ற கம்பெனி. 1995ல் தொடங்கி எவரெஸ்ட், ஹீல்ட் போன்ற பெயர்களில் கல்லூரிகள் நடத்தியது. மெடிக்கல் அசிஸ்டென்ட் அதன் முக்கியமான படிப்புகளில் ஒன்று. வேலை கிடைத்தவர்கள் கணக்கைக் கூட்டிக் காட்டியதாகக் கலிபோர்னியா அரசு 2013ல் வழக்குப் போட்டது. 2015 ஏப்ரலில் மிச்சமிருந்த 28 கல்லூரிகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. சுமார் 16,000 மாணவர்கள் நடுத்தெருவில். 2016ல் நீதிமன்றம் 110 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. ஆனால் கம்பெனி அதற்கு முன்பே திவால். 2022 ஜூனில் மத்திய கல்வித்துறை, 1995 முதல் அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது.

கணக்குப் பதிவு பாருங்கள். டாக்டரின் செலவு மாணவரின் செலவானது. அது கடனானது. கடன் வாராக்கடனாகி கடைசியில் பொதுமக்கள் கணக்கில் எழுதப்பட்டது. லாபம் மட்டும் இடையில் இருந்தவருக்கு.

இதே காலத்தில் கம்யூனிட்டி காலேஜ் அதன் பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. 2023-24ல் உள்ளூர் மாணவருக்கு அங்கே சராசரிக் கட்டணம் வருடத்துக்கு 3,990 டாலர். மெடிக்கல் அசிஸ்டென்டின் ஆண்டுச் சம்பளம் 2023 மே கணக்குப்படி நடுமதிப்பு 42,000 டாலர். ஊர் முன்கூட்டியே கொஞ்சம் வரி கட்டியதால் மாணவருக்குச் சுமை குறைகிறது. ஊருக்கும் ஊசி போட ஆள் கிடைக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலைக்குச் சான்றிதழ் சட்டப்படி கட்டாயமே இல்லை. வாஷிங்டன் மாநிலம் 2013 முதல் கட்டாயம் ஆக்கியது. மற்ற இடங்களில் சட்டம் கேட்காவிட்டாலும் முதலாளி கேட்கிறார். சங்கமும் 1998ல், அங்கீகாரம் பெற்ற படிப்பு முடித்தவர்கள் மட்டுமே தன் தேர்வை எழுதலாம் என்று விதி கொண்டுவந்தது. வேலை பார்த்தே கற்றவர்கள் உண்டாக்கிய தேர்வு, வேலை பார்த்தே கற்றவர்களுக்குக் கதவைச் சாத்தியது! 2010களில் வாஷிங்டன் மாநிலச் சமூக சுகாதார மையங்கள் சம்பளம் கொடுத்தே பழக்கும் அப்ரண்டிஸ் முறையைக் கொண்டுவந்தன. சுற்றிச் சுற்றி டாக்டர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். இந்த முறை சான்றிதழோடு.

நம்ம பக்கமும் இந்தக் கல்லூரி வந்தது. 1995ல் புதுச்சேரி பல்கலைக்கழகமும், 1996ல் சென்னை மயிலை மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. ஹெல்த் அசிஸ்டென்ட் போன்ற படிப்புகளும் வந்தன. அத்தைக்கு அது பற்றி அன்று யாரும் சொல்லவில்லை.

போன வாரம் அத்தையிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பரீட்சையை 63ல எழுதினாங்களே, அவங்க எல்லாம் பாஸ் ஆனாங்களாடா?" என்றார். தெரியாது அத்தை என்றேன். "நான் ஆகியிருப்பேன்" என்றார்.

ஆகியிருப்பார். உங்கள் ஊர் கிளினிக்கிலும் ஒரு நர்ஸம்மா இருப்பார். அடுத்த முறை போகும்போது, அவருக்கு அந்த வேலையை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.