மணி ஐயர்: அரசின் வழக்கறிஞர் எழுதிய மடல்

அரசு வழக்கறிஞர் மன்றத்தில் உரைப்பது அரசின் தரப்பையே. அவர்தம் நெஞ்சில் உள்ளது வேறாயினும் அதற்கு அங்கே இடமில்லை. அத்தகைய பதவியில் அமர்ந்த ஒருவர், தம் சொல்லைத் தாமே சொல்லத் துணிந்த நாள் எது என்று காண்பதே அவர் வரலாற்றின் பயனாகும். 'மணி ஐயர்' என்று மக்கள் அழைத்த சர் சு. சுப்பிரமணிய ஐயரின் வாழ்வில் அந்நாள் எழுபத்தைந்தாம் அகவையை எட்டும் வேளையில் வந்தது.

1842இல் மதுரையில் பிறந்தார். தந்தையார் இராமநாதபுரம் சமீன்தாரின் வழக்குக் காரியங்களைக் கவனித்தவர். மதுரையில் வழக்கறிஞராகப் பெயர் பெற்ற மணி ஐயர் பின்னர்ச் சென்னைக்குப் பெயர்ந்தார். 1885இல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரசில் அவரும் ஒருவர். மூன்றாண்டுகள் கழித்து, 1888இல், சென்னையில் அரசு வழக்கறிஞராக அமர்த்தப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. உரிமை கேட்கக் கூடியவர்களோடு அமர்ந்தவர், உயர்நீதிமன்றத்தில் அரசுக்காக எழுந்து நின்றார். இரண்டையும் அவர் காலம் முரணாகக் கருதவில்லை. சட்டத்தின் வழியே நியாயம் கிட்டும் என்னும் நம்பிக்கை அன்று வலுவாக இருந்தது.

1895இல் சர் தி. முத்துசாமி ஐயர் மறைந்தபின் உயர்நீதிமன்ற நீதிபதியானார். தலைமை நீதிபதியின் பொறுப்பையும் இடையிடையே வகித்தார். திவான் பகதூர், கே.சி.ஐ.இ. ஆகிய பட்டங்கள் வந்து சேர்ந்தன. 1907இல் ஓய்வு பெற்றார். பெருமையோடு அமைதியாக இருந்துவிடத்தக்க வாழ்வுதான் அது.

ஆயின் அவர் அமைதி கொள்ளவில்லை. 1916இல் அன்னி பெசன்ட் தொடங்கிய தன்னாட்சி இயக்கத்தின் மதிப்புறு தலைவரானார். 1917 சூனில் பெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்டதும், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு மடல் எழுதினார். அஞ்சலில் விடுத்தால் போர்க்காலத் தணிக்கை தடுக்கும். ஆகவே ஆச்னர் என்னும் அமெரிக்கத் தம்பதியர் அதனைக் கையோடு கொண்டு சென்றனர். இந்தியா அடிமை நாடாக இருப்பதையும், தன்னாட்சி வாக்களிக்கப்பட்டால் ஆறு திங்களில் ஒரு கோடி வீரர் போர்முனைக்கு முன்வருவர் என்பதையும் அம்மடல் எடுத்துரைத்தது. அவர் சொன்ன தொகையில் மிகை இருக்கலாம். நாட்டின் நிலை குறித்துச் சொன்னதில் மிகையில்லை.

1918இல் இந்திய அமைச்சர் மாண்டேகு பிரிட்டானிய மக்களவையில் அம்மடலை இழிவானது என்று கண்டித்தார். மணி ஐயர் மன்னிப்புக் கோரவில்லை. தம் பட்டங்களைத் துறந்தார். அரசு தந்த அணிகள் அரசிடமே போயின.

1924இல் அவர் மறைந்தார். அரசுக்காக அவர் வாதிட்ட வழக்குகளை இன்று நினைப்பார் அரியர். தம் பெயரில், தம் பொறுப்பில், திரும்பப் பெறாமல் எழுதிய அம்மடலே நிலைத்துள்ளது. சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் யாவரும் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்வு இது.