தை ஐந்தும் தென்பெண்ணையும்

தை மாதம் ஐந்தாம் நாள், விழுப்புரத்தை அடுத்த பிடாகத்திலும் பேரங்கியூரிலும் தென்பெண்ணையின் மணற்பரப்பிலே, சுற்றுவட்டத்துக் கிராமங்களின் உற்சவமூர்த்திகள் எழுந்தருளித் தீர்த்தவாரி கொள்ளும் காட்சியைக் கண்டவர்கள், உத்தராயணம் என்ற சொல்லின் பொருளைப் பஞ்சாங்கத்தைப் புரட்டாமலே உணர்ந்திருப்பார்கள். ஆற்றுத் திருவிழா என்று ஊரார் வழங்கும் இவ்வைபவத்துக்காகத் திருவண்ணாமலை அருணாசலேசுவரரும் மணலூர்ப்பேட்டை வரையில் வந்து இதே பெண்ணையில் நீராடித் திரும்புகிறார் என்றால், அந்நாளில் இந்நதிக்குள்ள மகிமையைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

கதிரவன் தென்னெல்லையைத் தொட்டு வடக்கே திரும்புவது இக்காலத்தில் டிசம்பர் 21 அல்லது 22-ஆம் தேதி. அதாவது மார்கழியின் முதல் வாரம். நாமோ ஏறக்குறைய 24 நாள் கழித்து, தை பிறந்த பின்னரே உத்தராயண புண்ணியகாலம் என்று சங்கல்பம் செய்துகொள்கிறோம். இது முன்னோரின் கணக்குப் பிழையன்று. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் பொருந்தியிருந்தன. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதனால், ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி இந்நிலைக்கு வந்துள்ளன.

இவ்விலகலைக் குறையென்று சொல்லும் படிப்பாளிகள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெய்யாகவே இரவு நீண்டு பனி மிகுந்திருக்கும் மார்கழி முழுவதையும் தேவர்களின் வைகறை என்று வகுத்து, திண்டிவனத்துத் திந்திரிணீசுவரர் ஆலயம் போன்ற சிவாலயங்கள் தோறும் விடியுமுன் திருவெம்பாவை ஒலிக்கச் செய்த நம்மவர், நெடிய இருளை உறங்கிக் கழிக்காமல் விழித்திருந்து கடப்பதையே விரதமாக்கிவிட்டார்கள். உள்ளத்தின் புதுப்பிறப்பு ஒரு கணத்தில் நிகழ்வதன்று என்பதை இந்த இருபத்து நான்கு நாளும் நமக்குப் பழக்குகின்றன. போகியன்று பழையன எரித்து, ஆற்றுநீரில் தலை முழுகும்போதுதான் விரதம் நிறைகிறது.

ஆன்மிகம் பேசினாலும் வயிற்றை மறப்பவர்களல்லர் எம் ஜனங்கள். ஆற்றுமணலில் கரும்போடு சிறுவள்ளிக் கிழங்கும் குவிந்திருக்கும். கிழங்கு வாங்காமல் வந்தால் ஆற்றுக்குப் போய் வந்ததாகவே வீட்டார் ஒப்புக்கொள்வதில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழையைக் கொட்ட, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளமும் சேர்ந்து பெண்ணை கரைபுரண்டு ஊர்களுக்குள் புகுந்ததை இப்பக்கத்தார் மறக்கவில்லை. வெள்ளம் அரித்த மடுக்களும் மணல் அள்ளிய பள்ளங்களும் மேலே பார்த்தால் தெரிவதில்லை. ஆகையால் தை ஐந்தில் நீராடச் செல்பவர்கள், உடன் வரும் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள்.